துண்டுக்கு அடியில் ஒரு கை

அத்தியாயம் 9

லாக்கப்புக்குள் லத்தி விழும் சத்தத்தை மங்கலம் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு வரைக்கும் உள்ளே இருந்தவன் கத்தினான். பதினைந்தாவது விழுந்தபோது கத்தவில்லை. அதோடு அவள் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் எலிசாள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு தூக்குவாளி, மடியில் ஆறு வயது ரெனி. ரெனி யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் தோளெலும்பில் தன் நெற்றியை விடாமல் முட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"மூணு நாளாச்சு அக்கா. தண்ணி மட்டுந்தான் குடிக்கா. நான் ஊட்டினா துப்பிருதா. பிறந்ததுலேர்ந்து அப்பன் கையில இருந்துதான் தின்னுருக்கா. வேற கை ஆகாது இவளுக்கு" என்றாள் எலிசாள். அழுது முடித்த குரல் அது.

எலிசாள் மங்கலத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்த வழியில்தான் இந்த வழக்கு நயினார் துப்பறியும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நிலையம் என்றால் நயினார் ஒருவர், மங்கலம் ஒருத்தி, ஒரு டைப்ரைட்டர், ஒரு கைனடிக் ஹோண்டா. நயினார் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். மங்கலம் திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, புருஷனை மதுரையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். வாய் மட்டும் அவளை விட்டு எங்கேயும் போனதில்லை.

விஷயம் இதுதான். கரமனையில் 'மொட்டு' என்று ஒரு சின்னப் பயிற்சி மையம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ராகேல் டீச்சர் அங்கே தெரபி கொடுத்துவந்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குச் 'சாலை' என்று ஊரே சொல்லும் கடைத்தெருவின் தமிழ் வியாபாரிகள், மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்கும் மகமைப் பணத்திலிருந்து செலவு செய்தார்கள். போன புதன்கிழமை சாயங்காலம், கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லால் யாரோ ராகேலின் மண்டையை உடைத்துவிட்டார்கள். அதோடு விடாமல் இரண்டு கை விரல்களையும் நசுக்கியிருந்தார்கள். ராகேல் இன்னும் கண் திறக்கவில்லை. பிழைப்பாரா என்று டாக்டர்களும் சொல்லவில்லை.

ரெனியின் அப்பா ஜெயன் சாலையில் மூட்டை தூக்குகிறவன். ரெனிக்கு இந்த மாதத்தோடு உதவி நிற்கிறது என்று புதன்கிழமை காலையில்தான் அவனுக்கு லெட்டர் வந்தது. நேரே மையத்துக்குப் போய்க் கத்தி, கேட்டை உதைத்தான். சாயங்காலம் மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனவன், ரத்தத்தில் கிடந்த டீச்சரைத் தோளில் போட்டு ஆட்டோவுக்கு ஓடினான். சட்டையெல்லாம் ரத்தம். காலையில் போட்ட சண்டைக்குத் தெருவே சாட்சி. போலீஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சப் இன்ஸ்பெக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அஞ்சு மணிக்குக் கோர்ட். அதுக்குள்ள இவன் குற்றத்தை ஏத்து ஒப்பு போடும், கேட்டோ" என்றார்.

"பத்து நிமிஷம் அவன் பிள்ளைக்கு ஊட்டட்டும் சார். அப்புறம் உங்க வேலையைப் பாருங்க" என்றார் வராந்தாத் தூணோரம் நின்றிருந்த நயினார்.

"ஊட்டட்டே. யாரு வேண்டான்னு சொன்னது? ஒரு ஒப்பு போட்டா மதி, போதும். எத்ர வேணும்னாலும் ஊட்டலாம்."

மங்கலத்துக்கு அந்த ஆளின் கன்னத்தில் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு குழந்தையின் பசியை வைத்துக் கையெழுத்து வாங்குகிறவனுக்கு வேறென்ன மரியாதை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நயினாரோடு கம்பிக்கருகே போனாள்.

ஜெயன் சுவரோரம் கிடந்தான். ஒரு கண் மூடிப் புடைத்திருந்தது. உள்ளங்கால்கள் தரையில் படாமல் மடக்கியிருந்தான். வலது கை மணிக்கட்டுவரை வீங்கிப் போயிருந்தது.

"சாறே, ரெனி தின்னாளா?"

நயினார் திரும்பி வராந்தாவில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தார்.

"நான் ஒப்பு போட்டுரட்டா? அப்ப ஊட்ட விடுவாங்கல்லா? ஜெயிலுக்குப் போனா போறேன். அவ பட்டினி கிடந்து சாவக்கூடாது சாறே."

"போட்டுராத மக்கா. நாளைக்கும் மறுநாளும் அவளுக்கு ஊட்ட நீ வேணும். அஞ்சு மணி வரைக்கும் பொறு." நயினார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை.

வெளியே வந்ததும் மங்கலம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். "நாலரை மணி நேரம் சார். நீங்க பல் தேய்க்கவே அவ்வளவு நேரம் எடுத்துப்பேளே" என்றாள். அவர் சிரிக்கவில்லை, அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. எலிசாளும் பிள்ளையும் ஒரு ஆட்டோவில் பின்னால் வந்தார்கள்.

*

'மொட்டு' வாசலில் போலீஸ் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தது. கயிற்றைக் காவல் காக்க ஆளில்லை. மங்கலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள்.

அலமாரிக் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. போட்டோ ஆல்பங்கள் இருந்த தட்டு காலி. ஒரு கேமராவைத் தரையில் வைத்து நசுக்கியிருந்தார்கள். குழந்தைகள் உட்காருகிற பாயில் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அரிசி நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி மட்டும் ஓரமாக அப்படியே இருந்தது. பிள்ளைகள் கையை விட்டு அளைவதற்கான அரிசி அது.

"போட்டோதான் வேணும்னு வந்திருக்கான். ஜெயனுக்குப் போட்டோ எதுக்கு?" என்றார் நயினார்.

"வீட்ல மாட்ட ஆணி இல்லாதவனுக்கு ஆல்பம் எதுக்குன்னு அந்த எஸ்.ஐ.யைத்தான் கேக்கணும்" என்றாள் மங்கலம்.

நயினார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைத் துணிப்பட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் சீட்டுக்கட்டு அளவில் சின்னச் சின்ன போட்டோ அட்டைகள் ஒட்டியிருந்தன. அடியில் ஒரு துணிப்பை.

"இது என்ன எலிசாள்?"

"அடுத்தாப்ல என்னன்னு தெரியலன்னா இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் வந்துரும் சாறே. அதனால ஒரோ பிள்ளைக்கும் ஒரு பட்டை. முதல்ல செருப்பு கழட்டணும், அப்புறம் ஊஞ்சல், அப்புறம் அரிசின்னு வரிசையா படம். ஒண்ணு முடிஞ்சா பிள்ளையே அந்த அட்டையப் பிச்சு அடியில பையில போடும். படம் வரைஞ்சா இவங்களுக்குப் பிடிபடாது. அதனால டீச்சர் அவங்கவங்க சாமானையே போட்டோ எடுத்து வைப்பாவ. இன்னா பாருங்க, இது ரெனி செருப்பு."

ரெனியின் பட்டை காலியாக இருந்தது. அட்டைகள் எல்லாம் பைக்குள் கிடந்தன. மற்ற பட்டைகளும் அப்படித்தான். புதன்கிழமை வகுப்புகள் முழுசாக முடிந்திருந்தன என்று அர்த்தம்.

மங்கலம் விரலை நீட்டி எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். பிறகு கைப்பையைத் திறந்து, மகமைச் செயலாளர் ஹரிகுமார் கொடுத்திருந்த பிள்ளைகள் பட்டியலை எடுத்தாள்.

"சார், லிஸ்ட்ல பத்து பேர். சுவத்துல பதினொண்ணு. பத்து பேருக்குப் பந்தி போட்டு, இந்த ஒரு இலை யாருக்கு?"

கடைசிப் பட்டையின் தலைப்பில் போட்டோ இல்லை, பெயரும் இல்லை. அந்தப் பட்டை மட்டும் காலியாகவும் இல்லை. மூன்று அட்டைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன: ஒரு ரப்பர் வளையம், அரிசித் தொட்டி, ஒரு வெள்ளைக் காரின் கதவு. பைக்குள் மூன்று கிடந்தன. நயினார் அவற்றைப் பாயில் வரிசையாக வைத்தார். அதே வெள்ளைக் கார், ஒரு சிவப்பு ஷூ, ஒரு துண்டு.

"முடிஞ்சது மூணு, பாக்கி மூணு. பாதியில நின்னு போச்சு. அடி விழுந்தப்போ இந்தப் பிள்ளை இந்த ரூம்ல இருந்திருக்கு" என்றார் அவர்.

மங்கலம் பாயில் காய்ந்திருந்த ரத்தத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை முகம் வெளிய தெரியக்கூடாதுன்னு ஆல்பத்தை எடுத்தான், கேமராவை நசுக்கினான், சுவத்தை விட்டுட்டான். இது அவனுக்கு விளையாட்டுச் சாமானாத் தெரிஞ்சிருக்கு. எலிசாள், இந்த ரப்பர் வளையம் எதுக்கு?" என்று நயினார் கேட்டார்.

"சில பிள்ளைகள் பயம் வந்தா கடிக்கும் சாறே. பக்கத்துல எது இருக்கோ அதை. அதுக்குக் கையில இதைக் குடுப்பாவ. ரெனிக்கு இல்ல. அவ முட்டத்தான் செய்வா."

"இந்தத் துண்டு?" மங்கலம் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "ஷூவைக் கழட்டியாச்சு, அடுத்தது குளியலா?"

"இங்க குளிக்க ஏது இடம் அக்கா? ஒரு குழாய்தான் உண்டு."

போட்டோவில் வேட்டி கட்டிய ஒருவரின் மடி. மடியில் விரித்த ஒரு துண்டு. கைகள் தெரியவில்லை, துண்டுக்கு அடியில் இருந்தன. நயினார் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டையைச் சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டி மங்கலத்தின் பைக்குள் போட்டார்.

"எலிசாள், நீ ஸ்டேஷனுக்குப் போய் அவன் கண்ணுல படுற மாதிரி உக்காரு. கையெழுத்து போட விட்டுராத. மங்கலம், சாலைக்கு விடுங்க."

*

கிள்ளிப்பாலம் தாண்டுகிறவரை பின்சீட்டில் நயினார் பேசிக்கொண்டே வந்தார்.

"சின்ன வயசுல எங்கப்பா கூட மாட்டுச்சந்தைக்குப் போவேன். தரகர் தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து விரிப்பார். அடியில ரெண்டு பேரும் கை கோப்பாங்க. விரலை அமுக்கித்தான் விலை பேசுறது. அஞ்சு விரலையும் சேத்துப் பிடிச்சா அஞ்சு, ஒத்த விரலைப் பிடிச்சா ஒண்ணு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பேச்சே கிடையாது, முகத்தைப் பாக்கவே வேண்டாம். பேசவும் முகம் பாக்கவும் முடியாத ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாஷை உண்டா?"

"சாலையில இன்னும் துண்டைப் போட்டு விலை பேசறவா யாரு?"

"ஒரே ஆள்."

மங்கலம் சட்டென்று பிரேக் போட்டாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் அவளுடைய குடும்பத்தைப் பற்றி மலையாளத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "தாணு முதலாளியா? மகமைக்குத் தலைவரே அவர்தானே சார்."

"தலைவரேதான்."

*

தாணுவின் மண்டியில் மிளகும் கொட்டைப்பாக்கும் மணத்தன. எழுபதைத் தொட்ட தாணு, திருநீற்று நெற்றியோடு மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டுக்கு அடியில் வலது கை. எதிரே இருந்த கிராக்கி ஒருவர் எழுந்துபோனதும் இவர்களை உட்காரச் சொன்னார். பையன் வைத்துவிட்டுப் போன தட்டிலிருந்து டீ கிளாஸை எடுத்து மங்கலத்திடம் நீட்டினார்.

இடது கையால் நீட்டினார்.

மங்கலத்துக்குச் சுருக்கென்றது. பரம்பரைக் கடைக்காரர் வந்தவருக்கு இடது கையால் கொடுப்பதாவது. பொம்மனாட்டி உத்தியோகம் பார்க்க வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை.

"ராகேல் டீச்சருக்கு இப்படி ஆகும்னு யாரு கண்டா அண்ணாச்சி" என்றார் தாணு. "பத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ நம்மளால ஆனதைப் பண்ணிக்கிட்டிருந்தோம். அந்தச் சுமட்டுக்காரப் பயல் எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

"பத்தா, பதினொண்ணா முதலாளி?" நயினார் மங்கலத்தின் பையிலிருந்து பச்சைப் பட்டையை எடுத்துக் கணக்குப்பிள்ளை மேஜைமேல் விரித்தார்.

அப்போதுதான் உள் குடோனிலிருந்து ஹரிகுமார் வந்தான். தாணுவின் மூத்த மருமகன், மகமைச் செயலாளர். கையில் சாக்கு இழுக்கிற இரும்புக் கொக்கி. மேஜையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை மங்கலம் பார்த்தாள்.

"இது எங்கேர்ந்து கிடைச்சது?"

"சுவத்துல இருந்தது தம்பி. இந்த சிவப்பு ஷூ உங்க வீட்டு வாசல்ல இருக்கா?"

ஹரிகுமார் பதில் பேசாமல் கொக்கியை வீசினான். நயினார் கழுத்தை ஒதுக்கினார், தோளை ஒதுக்க முடியவில்லை. கொக்கியின் முனை சட்டையோடு சதையில் இறங்கிற்று. அவன் அதே கொக்கியால் அவரை இழுத்து மிளகு மூட்டைகளின் மேல் சாய்த்து, முழங்கையால் தொண்டையை அழுத்தினான். நயினார் அவன் விலாவில் இரண்டு தரம் முட்டியால் குத்தினார். அவன் விடவில்லை. ஒரு மூட்டை கிழிந்து மிளகு தரையெங்கும் உருண்டது. நயினாரின் கண்கள் மேலே செருகின. வாயோரத்தில் நுரை தெரிந்தது.

தராசின் மேல் இருபது கிலோ படிக்கல் ஒன்று இருந்தது. மங்கலம் அதைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. தூக்குவானேன் என்று இரண்டு கையாலும் தள்ளினாள். அது ஹரிகுமாரின் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான்.

"இருபது கிலோ. முத்திரை போட்ட கல்லு. எடை சரியா இருக்கும்" என்றாள்.

நயினார் இருமிக்கொண்டே கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். அவர் சட்டையின் இடதுபக்கம் முழுக்கச் சிவந்துவிட்டது. மங்கலம் முந்தானையைக் கிழித்துத் தோளில் அழுத்தினாள்.

ஹரிகுமார் தரையில் கிடந்தபடியே சொன்னான். "நான்தான் அடிச்சேன். எழுதிக்கோங்க. அந்தப் பதினொண்ணாவது பிள்ளை சீதாலக்ஷ்மி, என் மகள். என் கொழுந்தியாள் கல்யாணம் இருபத்தாறாம் தேதி. இந்த மாதிரி ஒரு பிள்ளை வீட்டுல உண்டுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்களா? டீச்சர் அவ பேரை லிஸ்ட்ல எழுதணும்னு சொன்னாங்க. கோபத்துல அடிச்சுட்டேன். ஜெயன் இல்ல, நான்தான். போதும் அல்லே?"

மங்கலத்துக்கு மூச்சு வந்தது. நோட்டை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்தாள். மணி மூன்று. ஜெயன் பிழைத்தான், ரெனிக்குச் சோறு கிடைத்தது. கேஸ் முடிந்தது என்றே அவள் நினைத்தாள்.

"உங்க ரெண்டு கையையும் காட்டுங்க தம்பி" என்றார் நயினார்.

ஹரிகுமார் காட்டினான். நயினார் புரட்டிப் பார்த்தார். எழுந்துபோய் மெத்தையில் தாணுவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மருமகன் பாதம் நொறுங்கி அலறியபோதுகூடத் தாணு இடத்தைவிட்டு எழவில்லை, வலது கையை வெளியே எடுக்கவில்லை. மங்கலத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது.

நயினார் தன் வலது கையைத் தாணுவின் துண்டுக்கு அடியில் நீட்டினார்.

அறுபது வருஷப் பழக்கம் யோசித்துவிட்டா வருகிறது? துண்டுக்கடியில் ஒரு கை வந்தால் பற்ற வேண்டும், அவ்வளவுதான். தாணுவின் கை பற்றிக்கொண்டது. பற்றிய பிறகுதான் அவர் முகம் மாறியது. இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நயினார் விடவில்லை.

துணி அசைந்தது. ஐந்து, மறுபடி ஐந்து, ஒன்று. பதினொன்று என்று நயினார் விலை சொல்கிறார் என்பது மங்கலத்துக்குப் புரிந்தது. பிறகு அவருடைய கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. தாணு வலியில் கண்ணை மூடினார்.

"பயந்தா கடிக்கிற பிள்ளை அந்த ரூம்ல நின்னுட்டிருந்தா" என்றார் நயினார், கையை விடாமல். "வளையம் பட்டையிலயே இருக்கு, அவ கைக்கு வரலை. அப்ப அவ எதைக் கடிச்சிருப்பா முதலாளி? அடிக்கிற கையைத்தான். மேல்பல் ரெண்டு விழுந்திருக்கா உங்க பேத்திக்கு? நடுவுல மட்டும் தழும்பு இல்லை."

அவர் துண்டை விலக்கினார். தாணுவின் வலது கையில், கட்டைவிரலின் அடிச்சதையில், ஒரு சின்ன வாயின் அளவுக்குப் பற்கள் இறங்கியிருந்தன. காயம் சீழ்கட்டிக் கறுத்திருந்தது. டாக்டரிடம் காட்ட முடியாத காயம்.

"திருவனந்தபுரத்துலயே நாள் முழுக்கக் கையை மூடி வெச்சுக்கிட்டாலும் ஏன்னு யாரும் கேக்காத ஒரே ஆள் நீங்க" என்றார் நயினார்.

"மாமா, பேசாதீங்க. நான்தான்னு சொல்லியாச்சு" என்று ஹரிகுமார் கத்தினான். "சார், அவ இவர் கையை மட்டுந்தான் பிடிப்பா. என்கிட்டகூட வரமாட்டா. இவர் உள்ள போயிட்டா என் பிள்ளைக்கு உலகமே இல்ல. நான் போறேன். என்னைக் கொண்டுபோங்க."

தாணு மருமகனைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீட்டின கையை வேண்டாம்னு சொல்லப் பழகலையே அண்ணாச்சி" என்றார். "அவளுக்காகத்தான் இந்த மகமை உதவியையே ஆரம்பிச்சேன். பத்துப் பிள்ளைகளுக்குச் செஞ்சா, பதினோராவது பிள்ளை யார் கண்ணுலயும் படாதுன்னு நினைச்சேன். ஒருநாள் ஜெயன் சீக்கிரமா வந்துட்டான். சீதா என் மடியில இருந்தா. கண்டுட்டான். அதனாலதான் ரெனி பேரை எடுக்கச் சொன்னேன். டீச்சர் மாட்டேன்னுட்டா. 'ரெனியை அனுப்ப மாட்டேன். உங்க பேத்தி பேரை எழுதி, மத்த அப்பா அம்மா கூட வாசல்ல வந்து உக்காருங்க'ன்னா. கல்லு காலடியில இருந்தது."

"விரல்களை எதுக்கு?"

தாணுவின் உதடு துடித்தது. "விழுந்த பிறகும் போனை எடுக்கக் கை நீட்டினா. அந்தக் கையை அடிச்சேன். அடுத்த கையை நீட்டினா."

மங்கலம் நோட்டை மூடினாள். வாயில் வழக்கமாக வருகிற கேலி எதுவும் வரவில்லை.

"ஜெயனோட பொண்ணு மூணு நாளா சாப்பிடலை" என்றாள். "உங்க பேத்திக்கு உங்க கை எப்படியோ, அவளுக்கு அவ அப்பா கை. வேற யார் ஊட்டினாலும் துப்பிடறா. அவர் அங்க அடி வாங்கிண்டிருக்கார். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து போட்டுடுவார், அவளுக்கு ஒரு வாய் ஊட்டறதுக்காக. உங்களுக்குத் தெரியுமா அது?"

தாணு நிமிர்ந்தார். தெரியாது என்று அவர் முகமே சொன்னது. இந்த ஊரில் அந்த வலி எப்படிப்பட்டது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. பிறகு இடது கையை ஊன்றி எழுந்து, செருப்பைத் தேடினார்.

"ஹரி, லிஸ்ட்டை மாத்தி எழுது. பதினொண்ணு. பேரோட எழுது" என்றார்.

*

நாலே காலுக்கு ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "முதலாளி எந்தினா இவிட வந்தது? நாம வீட்ல வெச்சு சம்சாரிக்கலாமே, பேசிக்கலாமே" என்று குழைந்தார்.

மங்கலம் நாலு காகிதங்களை மேஜையில் வைத்தாள். "வாக்குமூலம். மண்டி டைப்ரைட்டர்ல அடிச்சது, முதலாளி கையெழுத்தோட. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு எங்களுக்கு. நாலாவது பத்திரிகைக்கு. ஜெயன் வெளியில வர்றவரைக்கும் அது என் பையில இருக்கும், கேட்டேளா."

பத்து நிமிஷத்தில் ஜெயன் வெளியே வந்தான். இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தான். எலிசாள் தூக்குவாளியைத் திறந்தாள். கஞ்சியும் பயறும். அவன் வலது கையை நீட்டினான். வீங்கிய விரல்கள் மடங்கவில்லை, கஞ்சி வழிந்து தரையில் விழுந்தது. இடது கையால் அள்ளினான். ரெனி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தலையை முட்ட ஆரம்பித்தாள்.

"மோளே, இன்னிக்கு மட்டும் இந்தக் கையில" என்று அவன் அழுதான்.

ரெனி நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்த வீங்கிய கையை அவளே வாளிக்குள் முக்கினாள், அவளே தூக்கினாள், உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை வாய் வைத்துத் தின்றாள். மறுபடி முக்கினாள். வலியில் ஜெயனின் உடம்பு துள்ளியது. கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

மங்கலம் வாசல் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கே வெள்ளைக் கார் வந்து நின்றது. தினமும் நாலு மணிக்குக் காரில் ஏறியே தீர வேண்டிய பிள்ளையை, கட்டுப்போட்ட காலோடு ஹரிகுமார் டிரைவரை வைத்து அழைத்து வந்திருந்தான். சிவப்பு ஷூ போட்ட ஏழு வயதுச் சிறுமி. கோர்ட்டுக்குக் கிளம்ப நின்ற போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் தாணு இருந்தார். விலங்கு மாட்டிய கைகளின் மேல், பார்க்கிறவர்கள் கண்ணில் படாதிருக்க, ஒரு போலீஸ்காரர் அவருடைய துண்டையே போர்த்திவிட்டிருந்தார்.

சீதாலக்ஷ்மி ஸ்டேஷனைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தாள். நேரே போய் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜீப் படியில் ஏறித் துண்டுக்கு அடியில் கையை விட்டாள். போலீஸ்காரர் தடுக்கப் போனார். நயினார் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

இரும்பு பட்டதும் அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு விரலைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். விட்டுவிட்டு மறுபடி அமுக்கினாள்.

"என்ன சொல்றா?" என்று மங்கலம் மெதுவாகக் கேட்டாள்.

தாணுவின் திருநீறு கண்ணீரில் கரைந்து வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

"வீட்டுக்குப் போலாமாங்கறா" என்றார்.

சீதாலக்ஷ்மி பதிலுக்காகக் காத்திருந்தாள்.